நாலாம் பக்கத்துக் கோப்பை

— நாலாம் பக்கத்த மட்டும் கிழிச்சிரு திலு. மிச்சம் எல்லாம் ஹரி, சரியாத்தான் இருக்கு. மொத மூணு பக்கமும் தங்கம்.

— கிழிக்க மாட்டேன் அப்பா.

— நான் சத்தம் போடாமச் சொல்லிக்கிட்டு இருக்கேன், கேட்டியா?

— சத்தம் போட்டாலும் இதேதான். நாளைக்கு ஒம்பது மணிக்கு வாசிப்பு மாத விழா. மேடையில மொதப் பேச்சு என்னோடது. நாலு பக்கத்தையும் வாசிப்பேன்.

— அந்த மேடையில மாலை போட்டு யார உக்கார வைக்கிறாங்க, தெரியுமா?

— தெரியாம என்ன? ஒங்களத்தான். அழைப்பிதழ்ல கொட்ட எழுத்துல அடிச்சிருக்கே, 'பிரதம அதிதி, பிரபல மிளகு வர்த்தகர் விஜேந்திரன்'னு.

— அந்தப் பிரபல வர்த்தகர் மாலையோட உக்காந்திருக்கிறப்ப, அவன் பெத்த மக மைக்கப் புடிச்சு, எங்க வீட்டுக் கொல்லச் சுவத்துல ஒரு ஆணி இருக்கு, அதுல ஒரு கோப்பை தொங்குதுன்னு மாத்தளை ஊருக்கே சொல்லப் போறா. அந்த மாலைய நான் கழுத்துல போட்டுக்கிறதா, மூஞ்சிய மூடிக்கிறதா?

— ஒங்களுக்கு இது எப்பிடித் தெரியும்? நான் ஒங்ககிட்டக் காட்டவே இல்லையே.

— மக்கீன் நானா கடையிலதானே டைப் பண்ணக் குடுத்த? மனுசன் என் கடைக்கே ஓடி வந்து கையப் புடிச்சிக்கிட்டாரு. 'விஜேந்திரன், ஒங்கட மகள் எழுதினத டைப் பண்ணக்கொள எனக்குக் கண் கலங்கிட்டு'ன்னாரு. நானும் பெருமையா வாங்கிப் படிச்சேன். ரெண்டாம் பக்கத்துல எனக்கும் கலங்குச்சு. நாலாம் பக்கத்துக்கு வந்தப்ப கண்ணு காஞ்சே போச்சு.

— ரெண்டாம் பக்கத்துல நீங்க நல்ல ஆளா வர்றீங்க. அதான் கலங்கியிருக்கு.

— டீச்சர் ஒனக்கு என்னா சொன்னாங்க? ஒரு புத்தகத்தப் படிச்சு, மனசுல பட்டத எழுதச் சொன்னாங்க. தென்னாபிரிக்காவுல ஒரு கறுப்புப் பொம்பள, தான் சின்ன வயசுல பட்ட பாட்டை எழுதியிருக்கா. வெள்ளக்காரனுக்கு ஒரு வாசல், கறுப்பனுக்கு ஒரு வாசல். அவனுக்கு ஒரு பஸ், இவனுக்கு ஒரு பஸ். அநியாயம்! அத எழுது. அதுக்கும் நம்ம கொல்லைக்கும் என்னா சம்பந்தம்?

— புத்தகத்த நீங்க படிச்சீங்களா?

— நீ எழுதினதுல படிச்சேன்ல.

— அப்ப அந்தத் தகரக் கோப்பைக் கதையும் படிச்சிருப்பீங்க.

— மேலோட்டமா.

— வாசிக்கிறேன், கேளுங்க. "அவளுடைய தாய் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் வீட்டில் வேலை செய்தாள். தாய்க்கென்று ஒரு தகரக் கோப்பை, நாயின் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து வயதில் ஒருநாள், தாகம் தாங்காமல், அந்தச் சிறுமி துரைசானியின் பீங்கான் கோப்பையில் தண்ணீர் குடித்துவிட்டாள். துரைசானி திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தக் கோப்பையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, வேறொரு கோப்பையில் தேநீர் குடித்தாள். தான் கறுப்பு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று அவள் எழுதியிருக்கிறாள்."

— ஐயோ பாவம். மனுசங்களா அவங்க?

— இந்தப் பக்கத்தப் படிக்கிறப்ப நான் எங்க உக்காந்திருந்தேன் தெரியுமாப்பா? நம்ம கொல்லப் படியில. தலைய நிமித்தினேன். ஆணி. அதுல அந்த நீலக்கரை எனாமல் கோப்பை. காத்துக்கு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

— அதுக்கு?

— அதுக்குத்தான் நாலாம் பக்கம்.

— சரி. நான் வியாபாரி. எடுத்தவொடன முடியாதுன்னு சொல்ல மாட்டேன். கிழிக்க வேணாம், ஒரே ஒரு சொல்ல மாத்து. 'எங்கள் வீட்டில்'னு இருக்குல்ல, அத 'சில வீடுகளில்'னு போடு.

— எந்தச் சில வீடு? பேரச் சொல்லுங்க, போடுறேன்.

— ஹரி ஹரி, அதுவும் வேணாம். 'ஒரு காலத்தில் எங்கள் வீட்டில்'னு போடு. கேக்கவும் நல்லா இருக்கும்.

— எந்தக் காலத்துல? இன்னைக்குக் காலையிலயா? சின்னப்பிள்ளை அக்கா கொல்லயக் கூட்டிட்டு, அந்தக் கோப்பையில தேத்தண்ணி வாங்கிட்டுப் போயி இன்னும் ஆறு மணித்தியாலம் ஆகல.

— அவ நகரசபையில கான் சுத்தம் பண்றவ. ஊர்ச் சாக்கடைக் கானெல்லாம் எறங்கிட்டு நம்ம வீட்டுக்கு வர்றா. கையி காலெல்லாம் அழுக்கு. சுத்தத்துக்காக ஒரு கோப்பைய தனியா வச்சிருக்கோம். ஆஸ்பத்திரியில கூடத்தான் தனித்தனியா வைக்கிறாங்க. அதப் போயி பெருசா...

— மொளகு மூட்ட தூக்குற நாட்டாமிங்க வேர்வ ஒழுக ஒழுக வர்றாங்களே, அவங்களுக்கு வீட்டுக் கோப்பையிலதானே குடுக்கிறீங்க? போன கெழம கரண்டுக்காரர் கம்பத்துலேருந்து எறங்கி வந்தாரு, கையெல்லாம் கிரீஸ். அவருக்கு சோசர் வச்சுக் குடுத்தீங்க. அழுக்கு இல்லப்பா. சாதி. ஒரே ஒரு தடவ அத ஒங்க வாயால சொல்லுங்களேன்.

— சத்தத்தக் கொறை! பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— நாளைக்கு மைக்குலயே கேக்கப் போவுதே.

— டீச்சர் இத எப்பிடி விட்டாங்க?

— டீச்சருக்கும் பயம்தான். 'ஒங்கப்பாதானம்மா பிரதம அதிதி'ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. ஆனா வெட்டல. 'நீ எழுதினது, நீயே முடிவு பண்ணு'ன்னுட்டாங்க. பண்ணிட்டேன்.

— ஏன் திலு, எழுதுறதுக்கு வேற ஒண்ணுமே இல்லையா? நமக்கு நடந்தத எழுது. ஓட்டுரிமையப் புடுங்கினான். பிரஜாவுரிமையப் புடுங்கினான். எண்பத்தி மூணு கலவரத்துல நம்ம கடையயும் வீட்டையும் எரிச்சான். இன்னைக்கும் ஆபீசுல தமிழ்ல ஒரு கடுதாசி குடுத்துப் பாரு, என்னமோ செத்த எலிய நீட்டின மாதிரி பாப்பான். அத எழுது! மேடையில உக்காந்து நானே மொதக் கைய தட்டுறேன்.

— அதத்தானே ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன். எட்டு வயசுல நீங்க மக்கீன் நானா வீட்டு மேல்மாடியில ஒளிஞ்சிருந்தத.

— அது எழுத்து! ஒம்பது நாளு இருந்தோம். மக்கீன்ட வாப்பா வாசல்ல கதிரையப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. கும்பல் வர்றப்பல்லாம், 'இங்க ஒருத்தரும் இல்ல'ன்னு சிங்களத்துல சொல்லியே திருப்பி அனுப்பினாரு. அந்த மனுசன் இல்லன்னா நான் இல்ல, நீயும் இல்ல.

— அந்த ஒம்பது நாளும் என்ன சாப்பிட்டீங்க?

— சோறுதான். எத்தன தடவ சொல்லியிருக்கேன், சஹன்ல. பெரிய தட்டு. அதச் சுத்தி ஆறு பேரு உக்காந்து எல்லாரும் ஒரே தட்டுல கையப் போட்டுச் சாப்பிடுவோம். மக்கீன் கறித்துண்ட என் பக்கமா தள்ளி வுடுவான். எங்க வீடு எரியிற பொக அங்க சன்னல்ல தெரியுது, இவன் கறிய என் பக்கம் தள்ளுறான்.

— யாராச்சும், 'நீ வேற ஆளு, இந்தா ஒனக்குத் தனித் தட்டு'ன்னு குடுத்தாங்களா?

— அது வேற.

— எது வேற?

— வேறன்னா வேறதான்! அப்பங்கிட்டக் குறுக்குக் கேள்வி கேக்குற அளவுக்கு வாய் நீண்டு போச்சு. ஒங்கம்மாவும் இன்னைக்குன்னு பாத்து உக்குவளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. கலாராணி இருந்தா ஒரே சொல்லுல அடக்கியிருப்பா.

— மஞ்சத் தண்ணி குடுத்தா?

— என்னா மஞ்சத் தண்ணி?

— மறந்துட்டீங்களா? அத நான் இன்னும் எழுதக்கூட இல்ல. சின்னப்பிள்ளை அக்கா வேலைக்கு வந்த புதுசு. எனக்கு ஏழு வயசு. அந்த நீலக் கோப்பை அழகா இருந்துச்சு, எடுத்துத் தண்ணி குடிச்சேன். அம்மா என் மூஞ்சியில ஒண்ணு வச்சாங்க. என்னைய அம்மா அடிச்சது அது ஒரு தடவதான். அப்புறம் மஞ்சத் தண்ணியில வாயக் கொப்புளிக்க வச்சாங்க, மூணு தடவ. நீங்க கதவுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க.

— சின்னப் புள்ள, வயித்துக்கு எதாச்சும் வந்துரும்னு...

— அந்தப் பொண்ணுக்கு அஞ்சு வயசுல தெரிஞ்சிச்சு அவ யாருன்னு. எனக்கு ஏழு வயசுல தெரிஞ்சிருக்கணும். புத்தகத்துல நூறு பக்கம் வரைக்கும் நான்தான் அந்தப் பொண்ணுன்னு நெனைச்சு அழுதுக்கிட்டே படிச்சேன். நாம அடி வாங்கின சனமாச்சே, வேற யாரா இருக்க முடியும்? அந்தக் கோப்பைக் கதைக்கு வந்தப்புறம்தான் வெளங்குச்சு. நான் அந்தப் பொண்ணு இல்லப்பா. நான் அந்தத் துரைசானியோட மக.

— வாய மூடு! பெத்தவளப் பாத்து துரைசானிங்கிற, கேட்டியா! பீங்கான்லயா நாங்க பொறந்தோம்? எங்க தாத்தா ரத்தோட்டப் பக்கம் தோட்டத்துல மம்பட்டி புடிச்சவரு.

— அதுதான்ப்பா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. மம்பட்டி புடிச்ச வீட்டுல எதுக்கு இந்த ஆணி?

— எனக்கு மூச்சு முட்டுது. தள்ளு.

— எங்க போறீங்க?

— கொல்லைக்கு. காத்து வாங்க. ச்சே! இங்க பாரு, இந்தக் கறிவேப்பிலையும் பட்டுப் போச்சு! போன மாசம்தானே தம்புள்ளைக்குப் போனப்ப வாங்கியாந்து வச்சேன்!

— இது எத்தனையாவது?

— எவன் எண்ணினான். வருசா வருசம் வைக்கிறேன். இந்தப் படியோரத்துல மட்டும் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. அந்தப் பக்கம் கொய்யா தளதளன்னு நிக்குது. மாத்தளை மண்ணுல குச்சிய ஊணினாலே மொளைக்கும், இங்க மட்டும் வேரோட கருகுது. யாரு கண்ணு பட்டுச்சோ. வேணும்னா நீ இத எழுதேன். 'எங்கள் வீட்டில் கறிவேப்பிலை நிற்பதில்லை'ன்னு. யாரோட மானமும் போகாது.

— பேச்ச மாத்தாதீங்க.

— ஹரி ஹரி, மாத்தல. நீ எழுதினது உண்மைங்கிற ஒரு தைரியத்துலதானே இந்தத் துள்ளு துள்ளுற? இந்தா, பாரு.

— அப்பா! என்ன செய்றீங்க?

— ஆணியப் புடுங்குறேன்.

— சுவரு பேந்து வருது, அப்பா!

— வரட்டும். இந்தா ஆணி. இந்தா கோப்பை. இந்தா... போச்சு! மதிலுக்கு அங்கிட்டு. இப்ப எங்க வீட்டுல ஆணியும் இல்ல, கோப்பையும் இல்ல. நாளைக்கு நீ வாசிச்சா அது பச்சப் பொய். டீச்சர் வரட்டும், பிரின்சிபல் வரட்டும், மாத்தளையே வந்து பாக்கட்டும்.

— ஓட்ட இருக்கே.

— என்னா ஓட்ட?

— ஆணி இருந்த ஓட்ட. அத அஞ்சாம் பக்கமா எழுதிர்றேன். "இதோ மாலையோடு மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் அப்பா, நேற்றுப் பின்னேரம்..."

— திலு! அறைஞ்சிருவேன்!

— மொதலாளி! ஓ மொதலாளி! யாரது மதிலுக்கு மேலால எறியிறது? கொஞ்சம் தப்பியிருந்தா என் மண்ட பொளந்திருக்கும்!

— யாரு, சின்னப்பிள்ளையா? நீ நாலு மணிக்குத்தானே வருவ?

— மழ இருட்டிக்கிட்டு வருது மொதலாளி. அடச்சிக்கிறதுக்கு முன்னால கானப் பாக்கச் சொல்லி ஓவசியர் ஐயா அனுப்பிட்டாரு. ஒங்க மதிலுக்குக் கீழதான் நின்னேன். இந்தாங்க, ஒங்க கோப்பை. நெளிஞ்சு போச்சு.

— என் கோப்பையா? அது ஒன் கோப்பைதானே.

— ஒங்க வீட்டுச் சாமான் மொதலாளி.

— சரி சரி. நல்ல நேரத்துலதான் வந்த. உள்ள... இல்ல, அந்தப் படியிலயே நில்லு.

— அப்பா!

— நீ பேசாத. சின்னப்பிள்ள, நீயே சொல்லு. பதினோரு வருசமா இந்த வீட்டுக்கு வர்ற. ஒரு நாளாவது தேத்தண்ணி இல்லாம ஒன்ன அனுப்பியிருக்கோமா?

— இல்ல மொதலாளி.

— சீனி கொறைச்சுப் போட்டிருக்கோமா?

— அது எனக்குத் தெரியாது மொதலாளி.

— என்னது?

— அம்மா நல்லாத்தான் போட்டிருப்பாங்க.

— பாத்தியா திலு? அவளுக்கே ஒரு கொறையும் இல்ல. ஒனக்குத்தான் கொடையுது.

— அக்கா, நான் ஒங்களப் பத்தி எழுதியிருக்கேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வாசிக்கணும். அப்பா கிழிக்கச் சொல்றாரு.

— என்னப் பத்தியா? யாரக் கேட்டு?

— இல்லக்கா, நல்லதுக்குத்தான் எழுதினேன்.

— நல்லதா கெட்டதான்னு நான்தானே சொல்லணும். வாசி பாப்பா, கேப்போம். மெதுவா வாசி. நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ.

— "எங்கள் வீட்டில், பின்சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு கோப்பை. வடிகான் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணுக்காக மட்டும் அது தொங்குகிறது. அவள் படியில் குந்தியிருந்து, தலை குனிந்தபடி, அதில் தேநீர் குடிக்கிறாள். பிறகு தானே அதைக் கழுவித் தானே மாட்டிவிட்டுப் போகிறாள். பாவம், தனக்கு நடப்பது அநியாயம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் ஊமையாகவே பழகிவிட்டாள்."

— முடிஞ்சிருச்சா?

— அவ்வளவுதான்க்கா.

— பொய்யி.

— கேட்டியா! கேட்டியா திலு! சம்பந்தப்பட்டவளே பொய்யிங்கிறா! கிழி. இப்பவே என் கண்ணு முன்னால கிழி!

— பொறுங்க மொதலாளி. ஆணி உண்ம. கோப்பை உண்ம. அதுல ஒரு எழுத்தக் கிழிச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன் பாப்பா.

— அப்ப எது பொய்யிக்கா?

— மொதல்ல, என் பேரு எங்க? 'ஒரு பெண்'ணாம். எனக்குப் பேரு வைக்கலையா?

— ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்னு நெனைச்சேன்.

— எனக்கு என்னா வெக்கம்? ஆணி அடிச்சது நானா? சின்னப்பிள்ளைன்னு போடு. நான் குடியிருக்கிறது நகரசபை லயம்னும் போடு. அடுத்தது, பாவமாம். அநியாயம்னு தெரியாதாம். மொத நாளு ஒங்கம்மா அந்த ஆணியக் காட்டி, 'குடிச்சிட்டு நீயே கழுவி மாட்டிரு'ன்னு சொன்னாங்களே, அந்த நிமிசமே தெரியும். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஊமையாம்ல, ஊமை! எங்க லயத்துல வந்து கேட்டுப் பாரு, சின்னப்பிள்ளை ஊமையான்னு.

— மன்னிச்சிருங்கக்கா.

— மன்னிப்ப நீயே வச்சிக்கோ. பேனா இருக்கா?

— இருக்கு.

— அப்ப திருத்து.

— சின்னப்பிள்ள, அளவுக்கு மீறிப் பேசுற. ஒனக்கு இந்த வீட்டு வேல வேணுமா, வேணாமா?

— வேணும் மொதலாளி. அதுனாலதான் பதினோரு வருசமா இந்தப் படியில நின்னு ஒரு சொல்லுப் பேசல. வேல ஒங்களுது. வாயி என்னுது. அதுக்குள்ள எது போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்.

— என்னா ஒளர்ற?

— நீ சொல்லு பாப்பா. 'அதில் தேநீர் குடிக்கிறாள்'னு எழுதியிருக்கியே, அத நீ ஒன் கண்ணால பாத்தியா?

— நீங்க கோப்பையத் தூக்கிட்டுப் படிக்குப் போவீங்க. கொஞ்ச நேரத்துல பைப்புல கழுவுற சத்தம் கேக்கும்...

— குடிச்சதப் பாத்தியான்னு கேட்டேன்.

— இல்ல.

— பாக்காதத எழுதாத. நான் தேத்தண்ணி குடிக்கிறது சந்தியில, பிரதீஷ் கடையில. எல்லாரும் உக்காருற வாங்குல உக்காந்து, எல்லாரும் குடிக்கிற கிளாசுல குடிக்கிறேன். இந்த வீட்டுத் தேத்தண்ணி ஒரு சொட்டு என் தொண்டையில எறங்கினதில்ல.

— எழுதிட்டேன்க்கா. 'ஒரு சொட்டு'. இத நாளைக்கு வாசிக்கவா?

— வாசி. நல்லாச் சத்தமா வாசி. நானும் வர்றேன் கேக்குறதுக்கு. முன் வரிசையில ஒரு கதிர போட்டு வை, மேடையில இருக்குற மொதலாளி என்னப் பாக்குற மாதிரி.

— நில்லு நில்லு. ஒரு சொட்டுமா குடிக்கல? காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு, கலாராணி கொதிக்கக் கொதிக்கப் பால் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பாளே! பதினோரு வருசத்துத் தேத்தண்ணியையும் நீ என்னாதான் பண்ணின?

— ஏன் மொதலாளி, இந்தப் படியோரத்துல வருசா வருசம் கறிவேப்பில வைக்கிறீங்களே, அது எதுனால கருகுதுன்னு ஒரு தடவகூட நீங்க யோசிக்கலையா?